எல்கே-99: சமன்பாட்டின் வலப்பக்கத்தில் கிடந்த விடை

2023 ஜூலை 22 அன்று, தென்கொரிய ஆய்வாளர்களின் இரண்டு கட்டுரைகள் சில மணித்தியால இடைவெளியில் ஆர்கைவ் என்ற இணையக் களஞ்சியத்தில் ஏறின. துறை சார்ந்த மற்றவர்கள் வாசித்து ஒப்புதல் தருவதற்கு முன்பே கட்டுரைகளைப் போட்டுவைக்கும் இடம் அது. இரண்டு கட்டுரைகளும் சொன்ன செய்தி ஒன்றுதான்: சாதாரண வளியமுக்கத்தில், 127 பாகை செல்சியஸ் வரைக்கும் மீகடத்தியாக, அதாவது மின்தடையே இல்லாததாக, இருக்கும் ஒரு திண்மத்தைச் செய்துவிட்டோம். அதற்கு வைத்த பெயர் எல்கே-99. லீ, கிம் என்ற இருவரின் பெயர்களின் முதலெழுத்துகளோடு, அதை முதலில் கண்டதாக அவர்கள் சொல்லும் 1999 ஆம் ஆண்டு சேர்ந்த பெயர்.

ஒரு கிழமைக்குள் செய்தி யாழ்ப்பாணத்து வட்ஸ்அப் குழுக்களுக்கும் வந்துவிட்டது. காந்தத்தின் மேல் ஒரு கறுத்தச் சில்லு சரிந்து மிதப்பதுபோல ஒரு காணொளி, கீழே "உலகம் மாறப்போகிறது" என்று ஒரு வரி. உயர்தரப் பௌதிகவியல் படிக்கும் பிள்ளைகள் அதைப் பார்த்து உற்சாகப்பட்டதில் வியப்பில்லை. 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்ற நாட்டில், மெழுகுதிரி வைத்துப் படித்தவர்கள் அவர்கள். தடையே இல்லாத கம்பி என்றால் வழியில் வீணாகாத மின்சாரம். அந்தக் கம்பியைச் சுருளாக்கி மின்னோட்டத்தைச் சுற்றவிட்டால், மின்கலமே இல்லாமல் சக்தியைச் சேமித்தும் வைக்கலாம். இந்த வகைச் சேமிப்பு இப்போதும் சிறிய அளவில் உண்டு. குளிரூட்டும் செலவுதான் அதைப் பெருகவிடாமல் வைத்திருக்கிறது.

அந்தக் கூற்று ஏறத்தாழ மூன்றரைக் கிழமைக்குள் சரிந்தது. எப்படிச் சரிந்தது என்பதை எங்கள் மாலை வகுப்பில் படிப்படியாகப் பார்த்தோம். அதன் பதிவுதான் இது. இதை எழுத எனக்கு ஒரு வலுவான காரணம் உண்டு. கோடிக்கணக்கில் பெறுமதியான கருவிகள் இறுதித் தீர்ப்பைச் சொன்னது உண்மைதான். ஆனால் எங்கே தேட வேண்டும் என்பதைக் காட்டியது ஓர் உயர்தர இரசாயனவியல் கணக்கு. அதற்குக் கடதாசியும் பேனையும் போதும்.

பின்னணி, சுருக்கமாக

1911 இல் நெதர்லாந்தின் லைடன் நகரில் காமர்லிங் ஒன்ஸ் இரசம் என்ற உலோகத்தைக் குளிரூட்டிக்கொண்டே போனபோது, 4.2 கெல்வினில் அதன் தடை திடீரென்று இல்லாமல் போனது. மீகடத்தல் அப்படித்தான் தெரியவந்தது. 1933 இல் மைஸ்னரும் ஒக்சன்ஃபெல்டும் இரண்டாவது அடையாளத்தைக் கண்டார்கள்: மீகடத்தி தன்னுள்ளிருந்து காந்தப்புலத்தை வெளியே தள்ளிவிடும். 1957 இல் பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் மூவரும், இலத்திரன்கள் சோடி சேர்ந்து ஒரே குவாண்டம் நிலையில் நகர்வதால் இது நடக்கிறது என்று விளக்கினார்கள். 1986 இல் பெட்னோர்ஸும் முல்லரும் செப்பு ஒட்சைட்டு வகைச் சேர்வையில் இந்தத் தன்மையைக் கண்டபிறகு வெப்பநிலை ஏறத் தொடங்கியது. 1993 இல் இரசம் கலந்த ஒரு செப்பு ஒட்சைட்டு 133 கெல்வினைத் தொட்டது. அதுவும் உறைகுளிர்தான், ஏறத்தாழ மறை 140 பாகை செல்சியஸ்.

அதற்கு மேலே போனவை ஐதரசன் நிறைந்த சேர்வைகள். லந்தனம் ஐதரைட்டு 250 கெல்வினில் மீகடத்துகிறது. ஆனால் அதற்கு வளியமுக்கத்தைப்போல ஏறத்தாழ 17 இலட்சம் மடங்கு அமுக்கம் வேண்டும். இரண்டு வைரங்களின் முனைகளுக்கு இடையில் தூசியளவு மாதிரியை நசுக்கிச் செய்யும் வேலை அது. வீதியில் கம்பி இழுக்க உதவாது. ஆகவே, உலையில் சுட்டு எடுத்த ஒரு துண்டு, மேசையில் வைத்தபடியே மீகடத்துகிறது என்று யாராவது சொன்னால் உலகம் திரும்பிப் பார்க்கத்தான் செய்யும்.

பதினெட்டில் ஒன்று

எல்கே-99 என்பது செப்புக் கலந்த ஈய அப்பதைற்று. அப்பதைற்று எங்களுக்குப் புதிய பொருளில்லை. எப்பாவலையில் உரத்துக்காகத் தோண்டப்படுவது அதே குடும்பத்துக் கனியம்; எங்கள் பல்லிலும் எலும்பிலும் இருப்பதும் அதன் உறவுதான். கல்சியம் இருக்கும் இடத்தில் ஈயத்தை வைத்தால் ஈய அப்பதைற்று. அதில் உள்ள பத்து ஈய அணுக்களில் ஒன்றை எடுத்துவிட்டுச் செப்பை வைத்தால் எல்கே-99. செப்பு அயன் சிறியது என்பதால் பளிங்கின் கனவளவு 0.48 சதவீதம் சுருங்குகிறது என்றும், அந்த உள்நெருக்கமே மீகடத்தலைக் கொண்டுவருகிறது என்றும் கட்டுரை சொன்னது.

செய்முறை மூன்று படி. முதலில் ஈய ஒட்சைட்டையும் ஈய சல்பேற்றையும் கலந்து 725 பாகையில் ஒரு நாள் சுட்டு லனர்கைற்று என்ற சேர்வையை எடுப்பது. அடுத்ததாகச் செப்பையும் பொசுபரசையும் வெற்றிடக் குழாயில் அடைத்து 550 பாகையில் இரண்டு நாள் வைத்து செப்பு பொசுபைட்டு எடுப்பது. பிறகு இரண்டையும் அரைத்துக் கலந்து, மறுபடி வெற்றிடக் குழாயில் மூடி, 925 பாகையில் 5 முதல் 20 மணித்தியாலம் சுடுவது.

வகுப்பில் நான் இந்த இடத்தில் நிறுத்தினேன். காணொளியை மூடிவிட்டு, மூன்றாம் படிக்குச் சமன்பாடு எழுதச் சொன்னேன்.

இடப்பக்கத்தில் இரண்டே பொருள்கள். லனர்கைற்றின் ஒரு மூலக்கூற்று அலகில் இரண்டு ஈயம், ஒரு கந்தகம், ஐந்து ஒட்சிசன். செப்பு பொசுபைட்டின் ஓர் அலகில் மூன்று செப்பு, ஒரு பொசுபரசு. வலப்பக்கத்தில் வர வேண்டிய எல்கே-99 இன் ஓர் அலகில் ஒன்பது ஈயம், ஒரு செப்பு, ஆறு பொசுபரசு, இருபத்தைந்து ஒட்சிசன். ஆறு பொசுபரசு வேண்டுமென்றால் ஆறு செப்பு பொசுபைட்டு போட வேண்டும். அதோடு பதினெட்டுச் செப்பு அணுக்கள் உள்ளே வந்துவிடும். எல்கே-99 கேட்பதோ ஒன்றைத்தான். இருபத்தைந்து ஒட்சிசனுக்கு ஐந்து லனர்கைற்று வேண்டும். அதோடு ஐந்து கந்தகம் வரும். எல்கே-99 க்குக் கந்தகமே தேவையில்லை.

அப்படியென்றால் ஓர் அலகு எல்கே-99 உண்டாகும்போது பதினேழு செப்பு அணுக்களும் ஐந்து கந்தக அணுக்களும் வேறெங்கோ போயாக வேண்டும். குழாய் மூடியிருக்கிறது, வெளியே போக வழியில்லை. 925 பாகையில் செப்பும் கந்தகமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் என்ன நடக்கும் என்று சாதாரணதர மாணவருக்கும் தெரியும். செப்பு சல்பைட்டு. ஐந்து கந்தகமும் பத்துச் செப்பைப் பிடித்துக்கொண்டு ஐந்து அலகு செப்பு சல்பைட்டாக மாறும். ஏழு செப்பும் ஓர் ஈயமும் மிச்சம். கணக்கு அணு பிசகாமல் சமன்படுகிறது.

பின்வாங்கிலிருந்து ஒரு பிள்ளை கேட்டாள்: "சேர், உந்த செப்பு சல்பைட்டை மட்டும் தனியா எடுத்து அளந்தவையோ?"

இந்த முழு விவகாரத்திலும் கேட்கப்பட வேண்டிய முதல் கேள்வி அதுதான். கட்டுரையிலேயே, எக்ஸ்-கதிர்ச் சோதனையில் செப்பு சல்பைட்டு மாசாகத் தெரிந்தது என்று எழுதியிருந்தார்கள். மறைக்கவில்லை. ஆனால் அதைத் தனியே அளந்த தரவு அங்கே இல்லை.

104 பாகை

அந்தக் கேள்வியை உலகுக்கு முதலில் உரக்கச் சொன்னவர்களில் ஒருவர் அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழக இரசாயனவியலாளர் பிரசாந்த் ஜெயின். செப்பு சல்பைட்டோடு முன்பே வேலை செய்தவர். கொரியக் கட்டுரையில் தடை திடீரென்று விழும் வெப்பநிலை ஏறத்தாழ 104 பாகை என்று கண்டதும் அந்த எண் அவருக்கு உடனே பிடிபட்டது. செப்பு சல்பைட்டு தன் பளிங்குக் கட்டமைப்பை மாற்றிக்கொள்ளும் வெப்பநிலையும் அதுவே. இது புதிய அறிவில்லை. பல பத்தாண்டுகளாகப் பதிவில் இருந்த தகவல்.

பீஜிங்கில் சீன அறிவியல் கழகத்தின் பௌதிகவியல் நிறுவனத்தில் லுவோ ஜியான்லின் குழுவினர் அதை நேராகவே அளந்தார்கள். தூய செப்பு சல்பைட்டைக் குளிரவிட்டபோது, 385 கெல்வினுக்கு அருகில், அதாவது ஏறத்தாழ 112 பாகையில், அதன் தடைத்திறன் ஆயிரம் மடங்கிலிருந்து பத்தாயிரம் மடங்கு வரை விழுந்தது. ஐந்து சதவீதமும் எழுபது சதவீதமும் செப்பு சல்பைட்டுக் கலந்த எல்கே-99 மாதிரிகளையும் சோதித்தார்கள். சூடேற்றும்போதும் குளிரவிடும்போதும் மாற்றம் ஒரே வெப்பநிலையில் நிகழவில்லை. இரண்டு வழிக்கும் இடையில் ஒரு பிந்தல் இருந்தது. பளிங்கின் கட்டமைப்பு மாறும்போது இப்படி வரும். காந்தப்புலம் இல்லாத நிலையில் ஒரு பொருள் மீகடத்தியாக மாறும்போது இந்தப் பிந்தல் வராது. ஆகவே இந்த ஒரு வளைகோடே இரண்டையும் பிரித்துக் காட்டிவிடும்.

"மாசு கொஞ்சம்தானே, முழு மாதிரியின் தடையையும் அது எப்படி விழுத்தும்?" என்று வகுப்பில் இன்னொரு கேள்வி வந்தது. நல்ல கேள்வி. வளவைச் சுற்றிக் கிடுகுவேலி இறுக்கமாகத்தான் இருக்கும், ஆனால் ஒரு பொட்டு இருந்தால் ஆடு அதற்குள்ளால்தான் போய்வரும். மின்னோட்டமும் அப்படித்தான். எல்கே-99 மணிகளுக்கு இடையில் செப்பு சல்பைட்டு நூல்போலத் தொடர்ந்து கிடந்தால், அளவுகோல் பார்ப்பது அந்தப் பாதையை மட்டும்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வரைபில் கோடு அடியில் படிந்து கிடந்தால் அது பூச்சியம் என்று அர்த்தமில்லை. அச்சின் அளவுத்திட்டம் பெரிதாக இருந்தால், நல்ல செப்புக் கம்பியின் தடையையும் அதே வரைபில் போட்டால் அதுவும் அடியில்தான் படியும். ஒரு பொருளை மீகடத்தி என்று சொல்ல, கருவியால் அளக்கக்கூடிய மிகச் சிறிய எல்லைவரை போய், அங்கும் ஒன்றும் இல்லை என்று காட்ட வேண்டும்.

பாதி மிதப்பு

மக்களை மயக்கியது வரைபில்லை, காணொளி. அதிலே சில்லின் ஒரு விளிம்பு காந்தத்தைத் தொட்டபடி இருந்தது. மற்றப் பக்கம் எழுந்து நின்றது. மாதிரி முழுவதும் தூய்மையாக இல்லாததால்தான் முழுக்க மிதக்கவில்லை என்று ஆய்வாளர்கள் விளக்கம் சொன்னார்கள்.

ஸ்ரான்லி வீதியில் கணினி திருத்தும் கடையொன்றில் பழுதான ஹார்ட் டிஸ்க்குகளிலிருந்து எடுத்த நியோடிமியம் காந்தங்கள் கிடைத்தன. இரண்டு சோதனை செய்தோம். பென்சிலுக்குள் இருக்கும் காரீயக் (கிராபைட்டு) குச்சியொன்றை நூலில் கட்டித் தொங்கவிட்டு, காற்றாடி நிறுத்திய அறையில் காந்தத்தை மெதுவாகப் பக்கத்தில் கொண்டுபோனால் அது கொஞ்சமாக விலகும். காரீயம் டயா காந்தப் பொருள். எந்த முனையைக் காட்டினாலும் தள்ளிப்போகும். மீகடத்தியும் இந்த வகைதான், ஆனால் பல ஆயிரம் மடங்கு பலமாக. எங்கள் நாட்டின் போகலையிலும் கஹட்டகஹவிலும் தோண்டும் காரீயம் உலகத்தில் பேர்போன தூய காரீயம் என்பதை அந்த நேரத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இரண்டாவது சோதனைக்கு, காரீயத்தூளோடு கொஞ்சம் இரும்புத்தூளைப் பசையில் குழைத்து, மெல்லிய சில்லாகக் காயவைத்தோம். அதைக் காந்தத்தின் மேல் வைத்தால் ஒரு விளிம்பு ஒட்டிக்கொள்ளும், மற்றப் பக்கம் எழுந்து நிற்கும். தென்கொரியத் தலைநகர் சோலிலிருந்து வந்த காணொளியில் கண்டதுபோலவே. இது எங்கள் கண்டுபிடிப்பில்லை. ஹாவர்டில் முன்பு திண்மப் பௌதிகவியல் செய்த டெரிக் வான் ஜெனப், நசுக்கிய காரீயத்தில் இரும்புத்தூளை ஒட்டி இதைச் செய்து காணொளியாகப் போட்டிருந்தார். பீஜிங் பல்கலைக்கழகக் குழுவொன்று எல்கே-99 போன்ற மாதிரிகளைத் தாமே தயாரித்து, பாதி மிதந்த துண்டுகளில் இரும்பைப்போன்ற காந்தத்தன்மை இருப்பதை அளந்து காட்டியது. நீண்ட தட்டையான துண்டு காந்தவிசைக் கோட்டின் திசைக்குத் திரும்பப் பார்க்கிறது. அதன் நிறை அதைக் கீழே இழுக்கிறது. இரண்டும் சமப்படும் கோணத்தில் அது சரிந்து நிற்கிறது. அவ்வளவுதான்.

என்னைக் கேட்டால், அந்த விளிம்பு காந்தத்தைத் தொட்டுக்கொண்டிருந்ததே போதும், காணொளியைச் சான்றாக எடுக்காமல் விடுவதற்கு.

கொள்கைக் கணிப்பு செய்த குழப்பம்

நடுவில், ஜூலை இறுதியில், கலிபோர்னியாவின் லோரன்ஸ் பார்க்லி ஆய்வுகூடத்திலிருந்து சினேட் கிரிஃபின் ஒரு கணினிக் கணிப்பை வெளியிட்டார். செப்பு அந்தக் குறித்த ஈய இடத்தில் அமர்ந்தால், இலத்திரன்களின் சக்திப் பட்டைகள், அதாவது அவை எடுக்கக்கூடிய சக்திகளின் வீச்சுகள், தட்டையாக வரும் என்றது கணிப்பு. தட்டைப் பட்டைகளில் இலத்திரன்கள் மந்தமாக நகர்வதால் அவற்றுக்குள் இடைத்தாக்கம் கூடும். மீகடத்தல் வரவும் இடமுண்டு, வேறு எத்தனையோ நிலைகள் வரவும் இடமுண்டு. காந்த ஒழுங்கு வரலாம், மின்சாரத்தைக் கடத்தாத காவலியாகவே உறைந்தும் போகலாம். சமூக ஊடகங்களில் இது "அமெரிக்கத் தேசிய ஆய்வுகூடம் உறுதிசெய்தது" என்று பரவியது. கட்டுரையில் அப்படி ஒரு வசனமும் இல்லை. செப்பு அந்த இடத்தில் இருப்பது சக்தி அளவில் அதற்கு வசதியானதில்லை என்ற எச்சரிக்கையும் அதே கட்டுரையில்தான் இருந்தது. யாரும் அதைப் பகிரவில்லை. இந்த இடத்தில் எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு, தமிழில் வந்த பல பதிவுகளும் அந்தப் பாதி வரியையே தூக்கிக்கொண்டு ஓடின.

தூய பளிங்கு

ஓகஸ்ட் நடுப்பகுதியில் ஜேர்மனியின் ஸ்ருட்கார்ட் நகரிலுள்ள மக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் பஸ்கால் பூபல் குழுவினர் செய்ததே இந்த வழக்கை முடித்தது. அவர்கள் தூள்களைக் கலந்து குழாயில் சுடவில்லை. உருகிய வலயத்தை மெதுவாக நகர்த்திப் பளிங்கு வளர்க்கும் முறையில், செப்பு சல்பைட்டு இல்லாத தனிப்பளிங்குகளை, அதாவது துண்டு முழுவதும் ஒரே தொடர்ந்த பளிங்காக இருப்பவற்றை, வளர்த்தெடுத்தார்கள். சோலின் சில்லு சாம்பல் கறுப்பு. ஸ்ருட்கார்ட் பளிங்கு ஒளி ஊடுருவும் ஊதா நிறம். தடை இலட்சக்கணக்கான ஓம் தாண்டியது. அதாவது தூய எல்கே-99 ஒரு காவலி. பாதி மிதப்பை விளக்கும் அளவுக்குக் காந்தத்தன்மையும் அதில் இல்லை.

டெல்லியில் இந்தியத் தேசியப் பௌதிக ஆய்வுகூடத்தில் அவானா குழுவினரும், பீஜிங் பெய்ஹாங் பல்கலைக்கழகத்தினரும் அதற்கு முன்பே தாங்கள் சுட்ட மாதிரிகளில் மீகடத்தல் இல்லை என்று அறிவித்திருந்தார்கள். ஆனால் "உங்கள் மாதிரி சரியாக வரவில்லை" என்று அவர்களுக்குப் பதில் சொல்ல வழி இருந்தது. தனிப்பளிங்குக்கு அப்படிப் பதில் சொல்ல முடியாது.

மதிப்பீடு

சோல் ஆய்வாளர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. செய்முறையை ஒளிக்காமல் முழுவதும் எழுதியிருந்தார்கள். அதனால்தான் உலகம் இவ்வளவு சீக்கிரம் சோதிக்க முடிந்தது. ஆனால் எக்ஸ்-கதிரில் தெரிந்த மாசைத் தனியே அளக்காமல் விட்டது பாரதூரமான விடுபாடு என்றே சொல்வேன். அது கடினமான வேலையில்லை. செப்பு சல்பைட்டு கடையில் வாங்கக்கூடிய பொருள். தடை அளக்கும் கருவி அவர்களிடமே இருந்தது.

எங்கள் பாடசாலைகளில் இரசாயனவியல் செயன்முறையின்போது விளைபொருளை நிறுத்து, சதவீதம் எழுதி, பக்கவிளைவைக் கழிவுநீரோடு ஊற்றிவிடுகிறோம். சோதனைக்கும் அந்த இடத்தில் கேள்வி வராது. பக்கவிளைவையும் அளக்கச் சொல்லும் ஒரே ஒரு செயன்முறையாவது பாடத்திட்டத்தில் சேர்க்கப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பீசமானத்தை, அதாவது தாக்கத்தில் அணுக்களை எண்ணிச் சமன்படுத்தும் கணக்கை, பரீட்சைப் புள்ளிக்காகப் பாடமாக்கும் பிள்ளைக்கு, அதே கணக்கு உலகச் செய்தியொன்றைப் பிரித்துப் பார்க்கும் கருவி என்று தெரிந்தால் அந்தப் பாடத்தின் மீது வரும் மரியாதை வேறு. அதை அன்று வகுப்பில் கண்ணால் கண்டேன்.

நாங்களும் சுட்டுப் பார்க்கலாமா என்று கேட்டார்கள். அந்த நாட்களில் வேறு நாடுகளில் சிலர் வீட்டுச் சமையலறையிலும் முயன்றார்கள். நான் கண்டிப்பாக வேண்டாம் என்றேன். ஈயச் சேர்வைகளின் தூள் மூச்சோடு போனால் நஞ்சு, பொசுபரசு தீப்பிடிக்கும், மூடிய குழாய் உலையில் வெடிக்கலாம். சமன்பாட்டை எழுதிப் பார்க்க இந்த ஆபத்து ஒன்றும் இல்லை.

பின்னர்

கொரிய மீகடத்தல் மற்றும் தாழ்வெப்பவியல் சங்கம் அமைத்த சரிபார்ப்புக் குழு 2023 டிசம்பரில், எல்கே-99 மீகடத்தி என்று சொல்ல ஆதாரம் இல்லை என முடித்தது. கொரியப் பங்குச் சந்தையில் மீகடத்தியோடு தொடர்புபடுத்தப்பட்ட பங்குகள் அதற்கு முன்பே ஏறி இறங்கிவிட்டன. 2024 மார்ச்சில் அமெரிக்கப் பௌதிகச் சங்கத்தின் கூட்டத்தில் அதே குழுவைச் சேர்ந்த ஹியுன்-டாக் கிம் மாற்றம் செய்த இன்னொரு சேர்வையோடு வந்தார். இந்தத் தடவை கந்தகம் மாசாக வெளியே கிடக்கவில்லை, பளிங்கின் உள்ளேயே இடம்பிடித்திருக்கிறது என்கிறார்கள். அப்படியென்றால் செப்பு சல்பைட்டு அதில் எவ்வளவு என்ற கேள்வி முன்னையதைவிடக் கூர்மையாகிறது. அதற்குத் தனிப்பளிங்கில் எடுத்த அளவீடுதான் பதில். தொடர்பில்லாத வெளி ஆய்வுகூடம் எதுவும் அந்தச் சேர்வையில் மீகடத்தலை உறுதிசெய்யவில்லை.